விடுதிச் சாப்பாடும் குடல் அழற்சியும்: கஞ்சியைத் தாண்டி என்ன சாப்பிடுவது?

கரிசல்பூ

எல்லோருக்கும் வணக்கம். நான் சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், விடுதியில் இருக்கிறேன். போன வருடம் கொலனோஸ்கோப்பி (குழாய்க் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) பார்த்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண்ணும் அழற்சியும் என்று சொன்னார்கள். அழற்சியை அடக்கும் சல்ஃபாசலசினும் ஃபோலிக் அமில மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். ரத்தம் போவது நின்றுவிட்டது, ஆனால் வயிறு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

மெஸ்ஸில் காலையில் பொங்கல், பூரி, இட்லி மாறி மாறி வரும். மதியம் சாதம், காரமான சாம்பார், ரசம், ஒரு பொரியல். மாலையில் சுண்டல் அல்லது பஜ்ஜி. இரவு சப்பாத்தி குருமா, சில நாள் பரோட்டா. எதைத் தட்டில் போட்டாலும் பயமாக இருக்கிறது. அதனால் கஞ்சி, தயிர்சாதம், பிரெட் என்று மூன்றிலேயே காலம் ஓடுகிறது. எடை 45 கிலோ. ஹீமோகுளோபின் 9-க்குப் பக்கத்தில். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மருத்துவமனை ஓ.பி.யில் (வெளிநோயாளர் பிரிவு) கூட்டம் அதிகம். "ஒத்துக்கிறதைச் சாப்பிடும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அறையில் அடுப்பு, கெட்டில் எதற்கும் அனுமதி இல்லை. மெஸ் கட்டணத்துக்கு மேல் பெரிதாகச் செலவழிக்கவும் வீட்டில் முடியாது. இதே நிலையில் படித்து முடித்தவர்கள் யாராவது இருந்தால், ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

---

மெஸ்கரண்டி

தங்கச்சி, எனக்கும் அதே கொலைட்டிஸ்தான். நாலு வருடமும் விடுதிச் சாப்பாட்டில்தான் படித்து முடித்தேன். வார்டனிடம் போவதற்கு முன்னால் சமையல்கட்டுக்குப் போ. சமைக்கிற அண்ணனிடமோ அக்காவிடமோ நேரில் பேசு.

எந்த மெஸ்ஸிலும் பருப்பைத் தனியாக வேகவைத்துவிட்டுத்தான் புளியும் மிளகாய்த்தூளும் போட்டுச் சாம்பாராக்குவார்கள். அந்த இடைப்பட்ட நேரத்தில் ஒரு பெரிய கரண்டி பருப்பை உனக்காக எடுத்து வைக்கச் சொல். உப்பும் மஞ்சளும் இருந்தால் போதும். காய் வேலையும் அப்படித்தான். தாளித்து மிளகாய் கிள்ளிப் போடுவதற்கு முன்னால் கேரட், சௌசௌ, பூசணி, சுரைக்காய் எது வெந்திருந்தாலும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொள். சூடான சாதம், அந்தப் பருப்பு, அரை ஸ்பூன் நெய், வெந்த காய், கடைசியில் தயிர். மெஸ்ஸுக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை, அவர்களுக்குத் தனிச் சமையலும் இல்லை. அதனால்தான் சம்மதிப்பார்கள்.

டாக்டர் கடிதம் வாங்கும்போது "சிறப்பு உணவு தேவை" என்று பொதுவாக எழுதி வாங்காதே. அதைப் பார்த்ததும் நிர்வாகம் பயந்து, "வீட்டிலிருந்து போய் வரச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்கும். வேண்டியதை அப்படியே எழுதித் தரச் சொல்: தாளிக்காத பருப்பு, வேகவைத்த காய், தினம் 2 முட்டை, தயிர். கடிதத்தின் ஒரு நகல் வார்டனுக்கு, ஒன்று மெஸ் செயலாளருக்கு. வெந்நீர் ஃபிளாஸ்க்கில் நிரப்பிக்கொள்ள அனுமதியும் அதிலேயே கேட்டுவிடு.

---

தட்டும்தராசும்

நான் ஓர் அரசு மருத்துவமனையில் உணவியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாணவர்கள் நிறையப் பேர் இதே பட்டியலோடுதான் வருகிறார்கள்: கஞ்சி, தயிர்சாதம், பிரெட். வயிறு கொந்தளிக்கும் நாட்களில் இது சரிதான். ஆனால் அந்த நாட்கள் போன பிறகும் பட்டியல் விரியவே இல்லை என்றால் உடம்பு உள்ளுக்குள் கரைய ஆரம்பிக்கும். இந்த நோயில் எடை குறைவதற்குக் குடல் புண் மட்டுமல்ல, பயத்தில் சாப்பாட்டைக் குறைப்பதும் ஒரு காரணம்.

முதலில் புரதக் கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம். குடல் அழற்சி தீவிரமாக இருக்கும்போது 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்பது எஸ்பென் என்னும் ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் பரிந்துரை. கரிசல்பூவின் 45 கிலோவுக்கு அது 54-இலிருந்து 68 கிராம் வரை வருகிறது. கஞ்சியும் பிரெட்டும் வைத்துக்கொண்டு இதன் பாதியைத் தொடுவதே கஷ்டம்.

விடுதியிலேயே கிடைப்பதை வைத்துப் போட்டுப் பார்க்கிறேன். 4 இட்லியில் சுமார் 8 கிராம். 3 முட்டையில் 18. மெஸ்கரண்டி சொன்ன அந்தப் பருப்பு வேகவைப்பதற்கு முன் 50 கிராம் அளவுக்கு இருந்தால் 11, 12 கிராம். இரண்டு வேளைச் சாதத்தில் 8. தயிர் 200 கிராமில் 6. தோல் நீக்கிய பொட்டுக்கடலையை மாவாக்கி 30 கிராம் சேர்த்தால் இன்னொரு 6. கூட்டினால் 58 கிட்ட வருகிறது. புரதப் பவுடர் டப்பா வாங்க வேண்டியதே இல்லை. மீனோ கோழியோ போடும் நாளில் வறுத்த துண்டை விட்டுவிட்டுக் குழம்பில் வெந்த துண்டை எடுத்து, மசாலாவை வழித்துவிட்டுச் சாப்பிடலாம்.

ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது, வயிறு உப்பும். அதனால் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு வாழைப்பழமும் முட்டையும். மாலையில் சுண்டலுக்குப் பதில் வெந்நீரில் ஊறிய அவலில் தயிரோ நாட்டுச்சர்க்கரையோ. அவலுக்கு அடுப்பே வேண்டாம், ஃபிளாஸ்க் வெந்நீர் போதும்.

இரும்புச்சத்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் 9 என்பது முருங்கைக்கீரையாலும் பேரீச்சம்பழத்தாலும் மட்டும் ஏறிவிடாது. டாக்டரிடம் ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. உடம்பில் அழற்சி இல்லாதவருக்கு ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போனால்தான் இரும்புக் குறைவு என்போம். அழற்சி இருக்கும்போது 100 வரை இருந்தாலும் குறைவு இருக்கக்கூடும், ஏனென்றால் அழற்சியே அந்த எண்ணை உயர்த்திக் காட்டும். சிலருக்கு இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும். நோய் தீவிரமாக இருக்கும்போது ஊசி வழியாக ஏற்றுவதே நல்லது. "மாத்திரை ஒத்துக்கலை" என்று நீங்களாக நிறுத்திவிடாமல் இதைப் போய்ச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் குறையும். தயிர், மோர், கேழ்வரகுப்பால் இதற்கு உதவும். வைட்டமின் டி அளவும் பார்த்துவிடுங்கள். சல்ஃபாசலசின் ஃபோலிக் அமிலம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், அதனால்தான் அந்தச் சின்ன மாத்திரையைக் கூடவே தந்திருக்கிறார்கள். அதை விடாதீர்கள்.

---

திணையும்சாமையும்

வெள்ளை அரிசியும் இட்லியும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் எந்த நோய் போகும்? எனக்கு நீண்ட நாள் வயிற்றுப் பிரச்சினை இருந்தது. வரகு, சாமை, குதிரைவாலிக்கு மாறியதும் சரியாகிவிட்டது. இங்கிலீஷ் மருந்தைப் படிப்படியாக நிறுத்திவிட்டு இயற்கை உணவுக்கு வாருங்கள் என்பதே என் வேண்டுகோள். நல்லெண்ணத்தில் சொல்கிறேன்.

---

தட்டும்தராசும்

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. சிறுதானியம் நல்ல உணவு, அதில் சந்தேகமில்லை. உங்களுக்கு இருந்தது மலச்சிக்கலோ எளிதில் கலங்கும் குடலோ என்றால் நார்ச்சத்து நிச்சயம் உதவியிருக்கும். ஆனால் பெருங்குடலின் உள்சுவரில் புண் இருக்கும் பெண்ணுக்கு, புண் ஆறாத நேரத்தில், உமியும் தவிடுமாக வரும் முழுத்தானியம் வலியையும் வயிற்றுப்போக்கையும் கூட்டக்கூடும். புண் ஆறிய பிறகு அவரும் சாமைக்கஞ்சியில் ஆரம்பித்துத் தாராளமாகச் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும்.

மருந்தை நிறுத்தச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கொலைட்டிஸில் அறிகுறி அடங்கிய பிறகும் மருந்து தொடர்வது, நோய் திரும்பாமல் இருப்பதற்காக. மருந்தை விட்டுவிட்டு ரத்தப்போக்கோடு திரும்பி வந்த பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். கரிசல்பூ, தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

---

பட்டாபிராம்ரயில்

எனக்கு க்ரோன்ஸ். இதுவும் கொலைட்டிஸ் மாதிரி ஒரு குடல் அழற்சி நோய்தான், ஆனால் சாப்பாட்டில் கொஞ்சம் வேறு. இதைப் படிக்கும் க்ரோன்ஸ்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுருக்கம் இருக்கிறது. அங்கே பாதை குறுகலாகிவிட்டது. அதனால் முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, கீரைத்தண்டு, மக்காச்சோளம், பலாச்சுளை, ஆரஞ்சுச் சுளையின் தோல், முழு வேர்க்கடலை எதுவும் கிடையாது. இவை அழற்சியைக் கூட்டும் என்பதற்காக இல்லை, குறுகின இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதற்காக. கீரையைத் தண்டு இல்லாமல் ஆய்ந்து, குழைய வேகவைத்து, நன்றாக மசித்துச் சாப்பிட்டால் எனக்கு ஒத்துக்கொள்கிறது. சுருக்கம் இல்லாதவர்கள் என் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சுருக்கம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் அதே கடைசிப் பகுதியில்தான். அங்கே நோய் இருந்தாலோ, அறுவை செய்து எடுத்திருந்தாலோ, முட்டையும் மீனும் சாப்பிட்டால்கூட அது முழுதாக உடம்பில் சேராது. எனக்கு ஊசிதான். பி12 குறைந்தால் விரல் நுனி மரத்துப்போகலாம், அதைப் படிப்புக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. நம் ஊரில் க்ரோன்ஸும் குடல் காசநோயும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் தீராதபோது முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. என் நோயை முடிவு செய்யவும் நாளானது. அந்த இடைக்காலத்தில் வீட்டில் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். நோய் இன்னதென்று தெரியாத நேரத்தில்தான் எடை வேகமாக இறங்குகிறது, அதனால் சாப்பாட்டில் கவனம் அப்போதே தொடங்க வேண்டும்.

---

நெல்லைசைக்கிள்

எனக்கு ஐ.பி.எஸ். என்னும் எளிதில் கலங்கும் குடல். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் எல்லாம் நிறுத்தும் ஃபாட்மேப் முறையில் நல்ல பலன் கிடைத்தது. கரிசல்பூவும் முயலலாமே?

---

தட்டும்தராசும்

ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. வாயு, உப்புசம், வலிக்கு உதவும். ஆனால் புண்ணையோ அழற்சியையோ அது ஆற்றாது. அழற்சி அடங்கிய பிறகும் உப்புசம் மட்டும் விடாமல் இருந்தால் யோசிக்கலாம். அதுவும் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் முறை. பலர் நிறுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். 45 கிலோவில் இருப்பவருக்கு இன்னும் பத்துப் பொருளைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பால் பற்றி: எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பது இல்லை. பால் குடித்தால் கடமுட என்று வயிறு புரண்டு போகிறது என்றால் மட்டும் பாலை விட்டுத் தயிருக்கு மாறுங்கள். உறையும்போது, பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடும். பால் ஒத்துக்கொண்டால் ஆவின் நீல பாக்கெட்டோ பச்சையோ, எது கிடைக்கிறதோ அது.

---

தஞ்சாவூர்அம்மா

என் மகனுக்கும் இந்த நோய். அவன் வெளியூரில் படித்தபோது மாதம் ஒருமுறை நான் செய்து அனுப்பியதைச் சொல்கிறேன், கண்ணு.

கேழ்வரகை இரவு ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டிப் பாலெடுக்க வேண்டும். சக்கை எல்லாம் துணியிலேயே நின்றுவிடும். அந்தப் பாலைக் காய்ச்சினால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் கூழ்தான். வீட்டுக்கு வரும்போது இதுதான் முதல் சாப்பாடு. விடுதிக்கு அனுப்ப, அந்தப் பாலைத் தெளியவைத்து, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கும் மாவை நல்ல வெயிலில் காயவைத்துச் சலித்து டப்பாவில் போடுவேன். அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, காய்ச்சித்தான் ஆக வேண்டும். மெஸ் அக்கா பால் காய்ச்சும்போது ஒரு டம்ளரில் கலந்து காய்ச்சிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு இன்னும் பொங்கலுக்குச் சேலை அனுப்புகிறேன்.

அப்புறம் பருப்புப்பொடி. துவரம்பருப்பையும் பொட்டுக்கடலையையும் வறுத்து, மிளகாய்க்குப் பதில் கொஞ்சம் சீரகமும் நாலே நாலு மிளகும் போட்டு நைசாக அரைத்தால், சூடான சாதத்தில் நெய்யோடு பிசைந்து சாப்பிட ஒரு வேளை ஓடிவிடும். முதலில் ஒரு ஸ்பூன் மட்டும் போட்டுப் பார்க்கட்டும். வாயு வைத்தால் குறைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் வருத்தப்பட்டு எல்லோரும் ஊட்டுவார்கள். என் மகன் லீவுக்கு வந்த முதல் நாளே வடை, பாயசம் என்று சுற்றத்தார் அடுக்கிவிடுவார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அவர்கள் நடுவில் நின்று பார்த்துக்கொள்வார்கள்.

---

கரிசல்பூ

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அழுகையே வந்துவிட்டது. மெஸ் அக்காவிடம் பேசிவிட்டேன். பருப்பும் காயும் எடுத்து வைக்கிறார். "இதுக்கு எதுக்குத் தயங்குறே" என்றார்.

இரண்டு சந்தேகம். தோழிகளோடு வெளியே போகும்போது என்ன சாப்பிடலாம்? போகவே வேண்டாம் என்று இருக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்தது, பரீட்சை நாள். மூன்று மணி நேரம் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே வயிறு கலக்குகிறது. மருந்துக்கடையில் போக்கை நிறுத்தும் மாத்திரை கேட்டால் தருவார்களே, அதைப் போடலாமா?

---

மெஸ்கரண்டி

போ, கட்டாயம் போ. ஓட்டலில் எனக்கு ஒத்துக்கொண்டது சூடான இட்லி, இடியாப்பம், ஊத்தப்பம் இல்லாமல் வெறும் தோசை, தயிர்சாதம், நெய்சாதம். சட்னியில் கவனமாக இரு. தேங்காய்ச்சட்னி வேகாதது, எந்தத் தண்ணீரில் அரைத்தார்களோ தெரியாது, வெயிலில் சீக்கிரம் கெட்டும் போகும். ஸ்டீராய்டு, அசத்தியோபிரின் மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கும்வரை பானிபூரித் தண்ணீர், தெருவோரக் கரும்புச்சாறு, வெட்டி வைத்த பழம் மூன்றையும் தள்ளி வை.

கையில் காசில்லாத நாளுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய். ஆவியில் வெந்த சூடான இட்லி, நம் வயிற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு வெளியே அவ்வளவு மலிவாகக் கிடைக்காது. கூட ஒரு வேகவைத்த முட்டையை டப்பாவில் எடுத்துப் போ.

பரீட்சைக்கு: முந்தின நாள் மதியத்திலிருந்தே கீரை, பருப்புக் கடலை வகைகளைக் குறைத்துக்கொள். இரவு இட்லியோ ரசம் இல்லாத குழைசாதமோ. காலையில் சீக்கிரம் எழுந்து, பரீட்சைக்கு இரண்டரை மணி நேரம் முன்னாலேயே சாப்பிட்டுவிடு, குடல் தன் வேலையை முடித்துவிடும். எதுவும் சாப்பிடாமல் போகாதே, இரண்டாவது மணியில் தலை சுற்றும். கதவுக்குப் பக்கத்து இருக்கையும் இடையில் கழிவறை போக அனுமதியும் கேட்டு, டாக்டர் கடிதத்தோடு துறைத் தலைவரிடம் முன்கூட்டியே விண்ணப்பம் கொடு.

---

தட்டும்தராசும்

அந்த மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். லோப்பரமைடு என்று பெயர். பெருங்குடல் புண் தீவிரமாக இருக்கும்போது குடலின் அசைவை அடக்கினால் குடல் ஆபத்தான அளவுக்கு விரிந்துபோக வாய்ப்புண்டு. உங்கள் டாக்டர் நோயின் நிலையைப் பார்த்து அனுமதித்தால் மட்டும். தலைவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், அவை நோயைக் கிளப்பிவிடக்கூடும். பாராசிட்டமால் பாதுகாப்பு.

போக்கு அதிகமாகும் நாளில் வெறும் தண்ணீரும் இளநீரும் போதாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, போக்கில் நாம் இழப்பதோ சோடியத்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி வரும் ஓ.ஆர்.எஸ். பொடி வாங்கி வையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் 20.5 கிராம் இருக்கும், அதைச் சரியாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கரைத்தால் அளவு கெட்டுவிடும். பொடி இல்லாத அவசரத்துக்கு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கடையில் அட்டைப் பெட்டியில் வந்த இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து நிறையப் பேர் வாங்கினார்கள். அந்தக் கலவை இல்லாத பானங்கள் தங்கள் பெயரில் அந்த எழுத்துகளைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் பாக்கெட்டின் பின்பக்கம் கலவையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எப்போது சாப்பாட்டுத் திட்டத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல் இருந்தாலோ, நாடி 90-ஐத் தாண்டினாலோ அன்றைக்கே சேர வேண்டும், இரவானாலும். வயிறு கல்லாக உப்பி வலித்தாலும் அப்படியே. அறைத்தோழி ஒருத்திக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

---

கரிசல்பூ

சரி அக்கா, அந்த மாத்திரை பக்கமே போகமாட்டேன். அறைத்தோழிக்குச் சொல்லிவிட்டேன், அவள் சுவரில் எழுதியே ஒட்டிவிட்டாள். நான் போட்ட திட்டம் இது, திருத்திக் கொடுங்கள்.

காலை: இட்லி 4, கொஞ்சம் பருப்புப்பொடி நெய், முட்டை 1. பூரி, பொங்கல் நாளில் பிரெட், முட்டை 2. பதினொரு மணி: வாழைப்பழம், மோர். மதியம்: குழைந்த சாதம், பருப்பு, வெந்த காய், தயிர். மாலை: அவல், பொட்டுக்கடலை மாவு. இரவு: தோசை 2 அல்லது சாதம், தயிர். படுக்கும் முன்: வெதுவெதுப்பான கேழ்வரகுப்பால், மெஸ் அக்கா இருந்தால்.

---

தட்டும்தராசும்

நன்றாக இருக்கிறது. இரவில்தான் புரதம் குறைகிறது. ஒரு முட்டையையோ மதியம் எடுத்து வைத்த பருப்பில் ஒரு கரண்டியையோ இரவுக்கு மாற்றுங்கள். பருப்பை அறையில் வைக்காதீர்கள், மெஸ் குளிர்பெட்டியில் வைத்து, நன்றாகக் கொதிக்கவைத்துத் தரச் சொல்லுங்கள். பொங்கலை ஒதுக்க வேண்டியதில்லை, அரிசியும் பாசிப்பருப்பும்தானே. மிளகையும் முந்திரியையும் எடுத்துவிட்டு, நெய் மிதக்காத இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயிறு நன்றாக அடங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு புதுப் பொருள் சேருங்கள். முதலில் மசித்த கீரை, அடுத்து பீன்ஸ், பப்பாளி, பிறகு தோல் நீக்கிய சுண்டல். ஒரே நாளில் இரண்டு புதுப் பொருள் வேண்டாம், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும். ஒத்துக்கொள்ளாததை நிரந்தரமாக விலக்காமல் ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள், அடுத்த ஓ.பி.க்கு அந்தத் தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி மூன்றையும் அதே தாளில் மேலே எழுதி வைத்தால், கூட்டத்திலும் கேட்க மறக்காது.